சிறுமலைக்கும் தனுஷ்கோடிக்கும் ஒரே டயர் போதுமா? ஜி.பி. 5000 எஸ் டி.ஆர். 32 மி.மீ.

மதுரையிலிருந்து ரோடு சைக்கிளில் கிளம்பினால் வடக்கும் மேற்கும் மலை, கிழக்கும் தெற்கும் முள்ளும் மணலும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க டயருக்குப் பிடிமானம் வேண்டும். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டித் தனுஷ்கோடி போய்ச் சேர அது முள்ளைத் தாங்க வேண்டும். காண்டினென்டல் நிறுவனத்தின் கிராண்ட் பிரி 5000 எஸ் டி.ஆர். இதில் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. இரண்டாவது வேலையைச் செய்வது டயர் அல்ல, அதற்குள் ஊற்றும் சீலன்ட், அதாவது துளையைத் தானே அடைக்கும் திரவம். சாதாரண டயரைப்போலப் பல மடங்கு விலை கொடுக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டயர் 2021-ல் வந்தது. அதற்கு முந்தைய டி.எல். என்ற டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரை ரிம்மில் ஏற்றுவதற்குள் கட்டைவிரல் கன்றிப்போகும். எஸ் டி.ஆரும் டியூப்லெஸ்தான், ஆனால் அந்த அளவுக்கு முரண்டு பிடிப்பதில்லை, ஹூக்லெஸ் (விளிம்பில் கொக்கி போன்ற மடிப்பு இல்லாத) ரிம்மிலும் போடலாம். 32 மி.மீ. அகலத்தில் ஒரு டயர் சுமார் 320 கிராம். மேலே பிளாக்சில்லி ரப்பர், அதற்கு அடியில் வெக்ட்ரான் இழைப் பட்டை. அந்தப் பட்டை சாலையைத் தொடும் பகுதிக்குத்தான் காவல், பக்கச் சுவர் மெல்லியது. முதலில் உங்கள் சைக்கிளில் 32 நுழையுமா என்று பாருங்கள். பழைய ரிம் பிரேக் சைக்கிள்கள் பலவற்றில் 28-க்கு மேல் இடம் இருக்காது. நுழைந்தாலும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி இல்லையென்றால், ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சிறு ஜல்லியே பெயின்டைச் சுரண்டிவிடும்.

சிறுமலைக்கு நத்தம் வழியாகப் போகிறவர்கள் ஊரை விட்டு வெளியேற 7.3 கி.மீ. மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச் சாலையிலேயே போவது நல்லது. நத்தத்திலிருந்து திண்டுக்கல் சாலையைப் பிடித்தால், திண்டுக்கல்லை நெருங்கும்போது மலைப்பாதை பிரியும். ஏற்றத்தில் எந்த டயரும் ஒன்றுதான், அங்கே உழைப்பது காலும் கியரும். வித்தியாசம் இறக்கத்தில் தெரியும். மரநிழல் விழும் வளைவுகளில் காலை எட்டு மணி வரை ஈரம் காயாது, சருகும் கிடக்கும். வளைவின் உட்புறத்தில் உதிர்ந்த ஜல்லி சேரும். 25 மி.மீ. டயரில் 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு வருகிறவர் இங்கே பிரேக்கை விட முடியாமல் இறங்குவார். இந்த 32 மி.மீ. டயரில், சுமார் 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 48, பின்னால் 52 வைத்தால் டயர் குதிக்காமல் சாலையோடு ஒட்டி வரும். ஈரத்தில் இதன் பிடிமானம் அதே நிறுவனத்தின் கேட்டார்ஸ்கின் போன்ற கெட்டி டயர்களைவிடத் தெளிவாக நல்லது. வாழைத்தார் ஏற்றிய வண்டி வளைவில் எதிரே வரும்போது அந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

கிழக்கே போனால் கதை வேறு. பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. சாலை நன்றாகத்தான் இருக்கிறது, தொல்லை ஓரத்தில்தான். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் டிராக்டரில் ஏற்றிப் போகிறார்கள். உதிரும் கிளைகள் சைக்கிள் ஓடும் இடத்தில்தான் விழும். முள் 5 செ.மீ. வரைகூட வளரும், காய்ந்தால் ஆணிதான். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் உள்ள 5 மி.மீ. பாதுகாப்புப் பட்டை நெருஞ்சியையும் கண்ணாடித் துண்டையும் நிறுத்தும். நேராக ஏறும் நீள முள்ளை அதுவும் முழுதாக நிறுத்தாது. எடையோ இந்த டயரைவிட இருமடங்குக்கும் மேல். எஸ் டி.ஆர். தடுக்கவே முயல்வதில்லை. முள் உள்ளே போகும், சீலன்ட் கசிந்து வந்து துளையை அடைக்கும், சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். முள் துளை சிறியது, உருண்டையானது. டியூப்லெஸ்ஸுக்கு அதைவிட எளிய துளை கிடையாது.

குத்தி நிற்கும் முள்ளை வழியில் பிடுங்க வேண்டாம், அதுவே ஒரு அடைப்பு. நீட்டிக்கொண்டு ஃபிரேமில் உரசினால் மட்டும் நுனியை ஒடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து, துளை கீழே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துப் பிடுங்கினால் சீலன்ட் அங்கேயே தேங்கி அடைக்கும். லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பி வேறு மாதிரி. உள்ளேயே நின்று அசைந்து அசைந்து துளையைப் பெரிதாக்கும், அதைச் சிறு சாமணத்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். டாஸ்மாக் வாசல்களை ஒட்டிக் கிடக்கும் பாட்டில் கண்ணாடி 4 மி.மீ.க்கு மேல் கிழித்தால் சீலன்ட் தோற்கும். அதற்கு ரோடு டயருக்கென்றே விற்கும் மெல்லிய பிளக் திரி கையில் இருக்க வேண்டும். மோட்டார் பைக் பஞ்சர் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் துளையை முதலில் துருவிப் பெரிதாக்கி, பைக் டயருக்கான தடித்த திரியைச் சொருகுவார்கள். 320 கிராம் டயர் அதைத் தாங்காது.

பக்கச் சுவர் கிழிந்தால் டியூப் போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சில மாதம் ஓடிய டியூப்லெஸ் டயருக்குள் உங்களுக்கே தெரியாமல் பத்துப் பதினைந்து முள் நுனிகள் அடைபட்டு நிற்கும். அப்படியே புது டியூபைப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் இறங்கிவிடும். டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிழிசலுக்கு உட்புறம் பழைய டயர் துண்டு ஒன்றை வைத்து, பிறகு டியூபைப் போடலாம்.

டயர் மாட்டும்போது ரிம் டேப்பில் கஞ்சத்தனம் கூடாது. ரிம்மின் உள் அகலம் 21 மி.மீ. என்றால் டேப் 25 மி.மீ. இருக்கட்டும், இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். வால்வின் உள் கோரை (காற்றை அடைத்து நிறுத்தும் சிறு திருகு பாகம்) கழற்றிவிட்டு, டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரே மூச்சில் நிறையக் காற்று போக வேண்டும். கைப்பம்பில் முடியாவிட்டால் பித்தளை அடாப்டரை மாட்டிப் பெட்ரோல் பங்க் காற்றில் ஏற்றலாம், ஆனால் அங்குள்ள மீட்டரை நம்பாதீர்கள். இருபுறமும் ‘டப்’ என்று கேட்டால் விளிம்பு உட்கார்ந்துவிட்டது. பிறகு காற்றை விட்டு, வால்வு வழியாக ஊசியில்லாத சிரிஞ்சால் 50 மி.லி. சீலன்ட் ஊற்றுங்கள். முள்காட்டுப் பக்கமே அதிகம் ஓட்டுகிறவருக்கு 60. முதல் இரவு கொஞ்சம் காற்று இறங்குவது சகஜம், பயப்பட வேண்டாம்.

காற்றழுத்தத்தில் மதுரை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹூக்லெஸ் ரிம்முக்கு உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 73 பி.எஸ்.ஐ. விடியற்காலை 26 டிகிரியில் 70 அடித்துக்கொண்டு கிளம்பி, நடுப்பகலில் சைக்கிளை வெயிலில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனால், டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடேறும்போது அழுத்தம் 80-ஐத் தொடும். அந்த ரிம்மில் டயர் கழன்று வெடிக்க அது போதுமான காரணம். 32 மி.மீ.க்கு 70 தேவையே இல்லை. நான்குவழிச் சாலையில் முன்னால் 52, பின்னால் 56 போதும்.

தனுஷ்கோடியில் இன்னும் குறைக்கலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த 9.5 கி.மீ. சாலை நல்ல தார்ச்சாலைதான், ஆனால் காற்று அதன்மேல் மணலை வாரிப் போடும். முன்னால் 45 வைத்து, மணல் திட்டின் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக மிதித்துக் கடக்க வேண்டும். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது இரும்பு இணைப்புப் பட்டைகளைச் சாய்வாகக் கடக்காதீர்கள். இதே அழுத்தம் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் சாலைகளுக்கும் ஒத்துவரும். சாலையை விட்டுச் செம்மணலில் இறங்கினால் எந்த ரோடு டயரும் புதையும், அது இந்த டயரின் குறையல்ல.

இதன் உண்மையான குறை பராமரிப்பு. சீலன்ட்டில் இருப்பது ரப்பர் பால், வெயிலில் காயும். குளிர் நாடுகளில் ஆறு மாதம் ஓடுவது இங்கே கத்தரி வெயிலில் அவ்வளவு தாங்காது. பங்குனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை வால்வு கோரைக் கழற்றி, ஒரு கேபிள் டையை உள்ளே விட்டுப் பாருங்கள். நுனி நனையாமல் வந்தால் 30 மி.லி. சேருங்கள். கோரே அடைத்துக்கொள்வதும் உண்டு, மாற்றுக் கோர் ஒன்று பையில் இருக்கட்டும். வழியில் டயரை நிரப்ப வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி சில சீலன்ட்டுகளை உறையவைத்துவிடும், சிறு கைப்பம்ப்தான் பாதுகாப்பு.

ஆகவே வாரம் இருமுறையாவது ஓட்டி, மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கவனிக்கிறவருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளை வெளியே எடுக்கிறவர் கேட்டார்ஸ்கின்னும் இரண்டு டியூபும் வைத்துக்கொள்ளட்டும், காய்ந்த சீலன்ட்டைவிட அது மேல். டயரின் நடுவில் உள்ள இரண்டு சிறு குழிகள் தேய்ந்து மறைந்ததும் மாற்றிவிடுங்கள். மலைக்கும் முள்ளுக்கும் மாறி மாறிப் போகும் சைக்கிளில் பின் டயர்தான் முதலில் தேயும், அப்போது முன் டயரைப் பின்னால் போட்டுப் புதியதை முன்னால் மாட்டுங்கள். வளைவில் வழுக்கினால் மீட்க முடியாதது முன்சக்கரம்தான். தனுஷ்கோடி போய் வந்த அன்றே ரிம்மையும் வால்வு நட்டையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு ஏறி நட்டு இறுகிக்கொள்ளும், பிறகு குறடு இல்லாமல் கழற்ற முடியாது.