க்ரோம் பாஸ்வேர்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொள்வது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

க்ரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை வேறொரு பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாற்ற, முதலில் அவற்றை ஒரு ஃபைலாக வெளியே எடுக்க (எக்ஸ்போர்ட்) வேண்டும். அது இரண்டு நிமிட வேலைதான். க்ரோமில் மூன்று புள்ளி மெனு, கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர், செட்டிங்ஸ், அங்கே டவுன்லோட் ஃபைல். கம்ப்யூட்டரின் பின் நம்பரைக் கேட்கும். கொடுத்தால் சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) இறங்கிவிடும். ஃபயர்பாக்ஸில் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்து மூன்று புள்ளியிலேயே எக்ஸ்போர்ட் இருக்கிறது.

அந்த ஃபைலுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் எல்லாப் பாஸ்வேர்டும் அப்படியே தெரியும். அதனால் பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ப்ரவுசிங் சென்டர் சிஸ்டத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடப் போகிற பிள்ளைகள் அங்கே க்ரோமில் தங்கள் கூகுள் கணக்கோடு சிங்க் (ஒத்திசைவு) போட்டுவிட்டால் மொத்தப் பாஸ்வேர்டும் அந்த சிஸ்டத்துக்கு வந்துவிடும். ஜிமெயிலை மட்டும் லாக்அவுட் செய்தால் போதாது, க்ரோம் ப்ரொஃபைலையே நீக்க வேண்டும். மூடியதும் எதையும் விட்டுவைக்காத க்ரோமின் கெஸ்ட் விண்டோவில் விண்ணப்ப வேலையை முடிப்பது இன்னும் நல்லது.

பலரும் சிக்குவது எக்ஸெலில்தான். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறந்தால் 0045 என்ற பாஸ்வேர்டு 45 ஆகிவிடும். யூசர்நேமாக +91 சேர்த்த போன் நம்பர் இருந்தால் 9.19E+11 மாதிரி மாறும். சேவ் கொடுத்தால் அந்தச் சிதைந்த வடிவமே ஃபைலிலும் பதிந்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் மின் இணைப்பு எண்ணை யூசர்நேமாக வைத்திருந்தாலும் இதே கதிதான். சரிபார்க்க நோட்பேட் மட்டும் போதும்.

அடுத்தது, புதிய பாஸ்வேர்ட் மேனேஜரில் இந்த ஃபைலை ஏற்றுவது. கீபாஸ் எக்ஸ்சி, பிட்வார்டன் இரண்டும் அப்படிப்பட்டவை. கீபாஸ் எக்ஸ்சியில் ஏற்றும்போது முதல் வரி தலைப்பு என்பதை டிக் செய்யுங்கள். பிட்வார்டனில் க்ரோம் சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முறை ஏற்றினால் எல்லாம் இரட்டையாகும். android:// என்று தொடங்கும் வரிகள் போன் ஆப்களுக்கானவை, அவற்றின் முகவரியைக் கையால்தான் திருத்த வேண்டும். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையோ பின் நம்பரோ கொண்டு நுழைவது) எதுவும் சிஎஸ்வியில் வராது.

ஏற்றி, நாலைந்து தளங்களில் லாகின் செய்து பார்த்ததும் சிஎஸ்வியை ஷிஃப்ட் டெலீட் செய்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவிலும் ஒரு பிரதி ஏறியிருக்கலாம், அதன் ரீசைக்கிள் பின் வரை பாருங்கள்.

பிறகு க்ரோமில் பாஸ்வேர்டு சேமிக்கக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் புதியது ஓரிடத்தில், பழையது வேறிடத்தில் என்று நாள்பட நாள்பட குழம்பிப்போகும். க்ரோமில் உள்ளவற்றை அழிக்க அவசரப்படாதீர்கள். சிங்க் ஆனில் இருந்தால் போனிலும் சேர்ந்தே அழியும். போனில் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும் ஆட்டோஃபில் செட்டிங்கில் புதிய மேனேஜரை மாற்றிய பிறகு அழியுங்கள்.