ஆறாவதாக வரும் சிகிச்சை: கொழும்பில் மூன்று நாள் பேரனர்த்தப் பயிற்சி

பொரளைப் பக்கம் ஒரு மண்டபத்தில், அம்புலன்ஸில் வேலை செய்கிறவர்களுக்காக நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். ஒரே இடத்தில் ஐம்பது, நூறு பேர் காயப்பட்டுக் கிடக்கும்போது முதல் வண்டியில் போய் இறங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. ஒரு குறையை அவர்களுக்கே கடிதமாகக் கொடுத்திருக்கிறேன், திருத்த அவகாசம் கொடுப்பதுதான் முறை. துறையில் இருக்கிறவர்களுக்கு எந்தப் பயிற்சி என்று தானாக விளங்கும்.

நான் தனியார் அம்புலன்ஸ் சேவையொன்றில் பத்து வருடமாக இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். வீடு கொட்டாஞ்சேனையில். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எனக்கு லீவு. காலை 8.45 அளவில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கமிருந்து சத்தம் கேட்டு, வீட்டில் உடுத்திருந்த உடுப்போடேயே ஓடினேன். அங்கே கைக்குக் கிட்டக் கிடந்தவரைத் தூக்கினேன். யார் பெரிதாகக் கத்தினாரோ அவரிடம் ஓடினேன். முதல் வந்த ஓட்டோவில் இரண்டு பேரை ஏற்றி அனுப்பினேன், இரண்டு பேருமே நடக்கக்கூடியவர்கள். சுவரோரம் சத்தமில்லாமல் சாய்ந்திருந்த ஒருவரிடம் நான் போனபோது பிந்திவிட்டது. கட்டுப்போடத் தெரியும், மூச்சுவழி திறக்கத் தெரியும், எல்லாம் தெரியும். யாரிடம் முதலில் போவது என்பதை மட்டும் அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்தப் பயிற்சிக்கு என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசியைக் கட்டினேன் என்றால் காரணம் அதுதான்.

முதல் நாள் முழுக்க மேசைப் பயிற்சி. பிரித்தானியாவில் 1990களில் உருவாகி இன்று பல நாடுகளில் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு ஒன்றை வைத்துத் தொடங்கினார்கள். கட்டளை, பாதுகாப்பு, தொடர்பு, நிலைமையை மதிப்பிடல், தரம்பிரித்தல் (யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பது), சிகிச்சை, கொண்டுபோதல். சிகிச்சை ஆறாவது இடத்தில் நிற்பதைப் பலகையில் பார்த்ததும் எங்கள் வரிசையில் ஒரு சலசலப்பு. பயிற்றுநர் சேர் அதை எதிர்பார்த்திருந்தவர் போல உடனே கொச்சிக்கடையைத்தான் எடுத்தார். குண்டு வெடித்ததற்கு மறுநாள், ஏப்ரல் 22, அதே கோயிலுக்குக் கிட்ட நிறுத்தியிருந்த வானில் இருந்த குண்டு, படையினர் செயலிழக்கச் செய்ய முயன்றபோது வெடித்தது. முதல் நாள் காலை நாங்கள் எத்தனை பேர் அந்த வீதிகளில் போனோம், வந்தோம்! பாதுகாப்பு ஏன் இரண்டாவது என்று அதற்குமேல் எனக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மான்செஸ்டர் கதையும் சொன்னார்கள். 2017 மே 22 இரவு இசை அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். வெடித்த மண்டபத்துக்குள் முதல் நாற்பது நிமிடத்தில் போனது ஒரேயொரு பராமெடிக். வசதியுள்ள நாட்டிலேயே அந்த நிலை. அதன் பிறகுதான் அங்கே நாடி பிடிக்காமல், மூச்சை எண்ணாமல் ஓர் ஆளைப் பத்தே வினாடியில் தரம்பிரிக்கும் முறையை 2023இல் கொண்டுவந்தார்கள்.

பின்னேரம் ‘மீதேன்’. முதல் வண்டி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டிய ஏழு விஷயங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த சொல் அது. பேரனர்த்தம் என்ற அறிவிப்பு, சரியான இடம், என்ன வகைச் சம்பவம், என்ன ஆபத்து, எந்த வழியால் வரலாம், எத்தனை பேர், வேறு யார் வேண்டும். எங்கள் குழுவுக்குத் தந்த கற்பனைச் சம்பவம் செட்டியார் தெருவில் எரிவாயு சிலிண்டர் வெடிப்பு. ரேடியோவைப் பிடித்த தம்பி “செட்டியார் தெரு, நகைக்கடைக்குப் பக்கத்தில்” என்றான். அந்தத் தெருவில் நகைக்கடை இல்லாத பக்கம் எது? சேர் ஒன்றும் பேசாமல் வரைபடத்தை அவன் முன்னால் தள்ளிவைத்தார். அடுத்த முறை கோயிலைச் சொன்னான், எந்தச் சந்தியால் வண்டி உள்ளே வரலாம், எந்தப் பக்கத்தை வெறுமையாக வைக்க வேண்டும் என்றும் சொன்னான். புறக்கோட்டையில் ஒரு லொறி குறுக்கே நின்றால் பத்து அம்புலன்ஸ் இருந்தும் பிரயோசனமில்லை. அந்த ஒரு மணி நேரம் தனியாகவே காசுக்குப் பெறுமதி.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். மண்டபத்துக்குப் பின்னால் வாகனம் நிறுத்தும் இடத்தில் நாற்பது தொண்டர்கள், காயம் போல வர்ணம் பூசி, கழுத்தில் அட்டையோடு கிடந்தார்கள். மூச்சு எத்தனை, நாடி எப்படி, சொல்வதைக் கேட்பாரா என்று அட்டையில் எழுதியிருக்கும். நாங்கள் பாவித்தது ‘ஸ்டார்ட்’ முறை, 1983இல் கலிபோர்னியாவில் உருவானது. முதலில் பெருங்குரலில் ஒரு கட்டளை: நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போங்கள். போகிறவர்களுக்குப் பச்சை அட்டை. மற்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போக வேண்டும். மூச்சில்லை, வழியைத் திறந்தும் வரவில்லை என்றால் கறுப்பு. நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு என்றால் சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் எடுத்தால் சிவப்பு. இவை சரியாக இருந்தும் எளிய கட்டளையொன்றைச் செய்யாவிட்டால் அதுவும் சிவப்பு. மிச்சம் மஞ்சள். சிவப்பு முதலில் போக வேண்டியவர், மஞ்சள் கொஞ்சம் காத்திருக்கக்கூடியவர்.

அந்தக் கடைசிப் படியில்தான் நான் எழுத வந்த விஷயம் இருக்கிறது.

எனக்கு முன்னால் போனவர் ஒரு சிங்களச் சகோதரர், மிகக் கெட்டிக்காரர். தூணடியில் கிடந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், மட்டக்களப்பிலிருந்து மகளோடு இருக்க வந்து ஆறு மாதம். அட்டையில் மூச்சு 24, நிறம் ஒரு வினாடியில் திரும்பும், கால் முறிவு, சொல்வதைக் கேட்பார் என்று இருந்தது. சந்தேகமில்லாத மஞ்சள். அட்டையின் கடைசி வரியை ஆளே செய்துகாட்ட வேண்டும் என்பது பயிற்சியின் விதி. சகோதரர் குனிந்து “மகே அத அல்லன்ன” என்றார். என் கையைப் பிடியுங்கள் என்று அர்த்தம். அம்மாவுக்கு விளங்கவில்லை. கழற்றச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, காப்புப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். அவர் இரண்டாம் தரம் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு அட்டை விழுந்தது.

எங்களுக்குத் தந்திருந்தது ஐந்து வண்டி. ஐந்தாவதில் அந்த அம்மா போனார். நிமிடத்துக்கு 36 மூச்சு என்று அட்டையில் எழுதியிருந்த மாணவன் மதிலோரம் அடுத்த வண்டிக்காகக் கிடந்தான். நிறுத்தற்கடிகாரத்தில் ஒன்பது நிமிடம். நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை, 2019இல் சுவரில் சாய்ந்திருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வட்டமாக இருந்து பேசும்போது அந்தச் சகோதரர் எழும்பி, “அக்கே, தமிழில் அதை எப்படிச் சொல்வது?” என்று எல்லாருக்கும் முன்னால் என்னிடம் கேட்டார். “கையைப் பிடிங்கோ” என்றேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். சேர் இன்னொரு வழியும் காட்டினார், அது அருமையான வழி: வாயால் சொல்லும்போதே தன் கையை உயர்த்தி விரலை மடக்கிக் காட்ட வேண்டும். மொழி விளங்காவிட்டாலும் சுயநினைவு உள்ளவர் அதைப் பார்த்துச் செய்வார். காது கேளாதவருக்கும் சரி, உல்லாசப் பயணிக்கும் சரி. ஆனால் இது முதல் நாள் பாடத்திலேயே இருந்திருக்க வேண்டும், பிழை நடந்த பிறகு வாயால் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை. படங்கள், கையேடு, காயக்காரரின் கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாமே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அதைவிட எனக்குப் பெரிய காரணம் கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, புறக்கோட்டை, வெள்ளவத்தை. இந்த இடங்களில் ஏதும் நடந்தால் “நடக்கக்கூடியவர்கள் அந்தப் பக்கம்” என்ற முதல் சொல்லைச் சிங்களத்தில் மட்டும் கத்தினால், நடக்கக்கூடிய எத்தனையோ பேர் அசையாமல் கிடப்பார்கள், அவர்களைத் தரம்பிரிக்க வேறாக ஆள் வேண்டும். நான் கடிதத்தில் எழுதியது இதைத்தான். அட்டைக்கு வேண்டிய தமிழ் வரிகளையும் எழுதி இணைத்திருக்கிறேன்.

சிறுபிள்ளைகளைத் தரம்பிரிக்கும் முறைக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள், போதாது. மூச்சில்லாத பிள்ளைக்கு நாடி இருந்தால் ஐந்து தரம் மூச்சு ஊதிப் பார்த்த பிறகே கறுப்பு என்பதைப் படத்தில் காட்டிவிட்டுக் கடந்துபோனார்கள். அதைக் கையால் செய்து பார்க்க ஒரு பொம்மைகூட இல்லை. இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் டோர்னிகே பட்டி கட்டும் பாடம் நன்றாக இருந்தது, எல்லாரையும் இருட்டறையில் கட்டவைத்தார்கள், கட்டிய நேரத்தை எழுதாதவரைத் திரும்பக் கட்டவைத்தார்கள். சாப்பாட்டில் குறையில்லை.

மூன்றாம் நாள் காயக்காரரைப் பிரித்து அனுப்பும் பாடம். இதை எடுத்தவர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த தாதி, பேச்சில் அனுபவம் தெரிந்தது. அம்புலன்ஸ் வரமுதல் ஓட்டோக்காரர்கள் நடக்கக்கூடியவர்களைக் கிட்டடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இறக்கியிருப்பார்கள், நாங்கள் சிவப்பு அட்டைக்காரரோடு போகும்போது வாசல் நிறைந்திருக்கும் என்றார். நானே அப்படி ஓட்டோவில் ஏற்றி அனுப்பியவள். எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு ஓடாமல், பிள்ளைகளை ரிஜ்வேக்கு, தாங்கக்கூடியவர்களைக் களுபோவிலைக்கு, வடக்குப் பக்கமென்றால் ராகமைக்கு என்று பிரிக்க ஓர் ஆள் ஏற்றுமிடத்திலேயே தாளும் பேனையுமாக நிற்க வேண்டும். அந்த ஆள் ஒருவரையும் தூக்கக்கூடாது. என்னை நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரம் கையைக் கட்டிப்போட்டது போல இருந்தது, ஆனாலும் நின்றேன். முடிவில் என் தாளில் நாற்பது பேரும் இருந்தார்கள், யார் எங்கே போனார் என்று ஒவ்வொருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது. 2019இல் அந்த ஓட்டோவில் ஏற்றிய இரண்டு பேரும் எந்த வைத்தியசாலைக்குப் போனார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

1990 என்ற எண்ணில் கூப்பிடும் அரச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவில் இருக்கிறவர்கள், தனியார் அம்புலன்ஸில் இருக்கிறவர்கள், தீயணைப்புப் பிரிவினர் யாரும் யோசிக்காமல் போகலாம். முதலுதவி மட்டும் படித்தவர்களுக்கு முதல் நாள் பாரமாக இருக்கும். இரண்டாம் நாளுக்குப் பழைய சப்பாத்தும் மாற்றுடுப்பும் கொண்டுபோங்கள், தொண்டர்கள் மேல் தண்ணீர் அடிப்பார்கள், நீங்களும் நனைவீர்கள். ஈர அட்டையில் குமிழ்முனைப் பேனை எழுதாது, அழியாத மார்க்கர் இரண்டு பையில் இருக்கட்டும். தமிழ் தெரிந்த ஆள் குழுவுக்கு ஒருவராவது இருக்கும்படி முதல் நாள் காலையிலேயே கேட்டு வாங்குங்கள். அடுத்த அணி இரண்டு மாதத்தில் என்கிறார்கள். எங்கள் சேவையிலிருந்து இன்னும் மூன்று பேரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.