பனிக்கால மூஸ் வேட்டைக்குப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கி: கேரண்டா, எஸ்.வி.டி-40ஆ, எஸ்.கே.எஸ்ஸா?

அலாஸ்காவில் நன்கு வளர்ந்த மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) கடா 500 கிலோவைத் தாண்டும். ராணுவம் கழித்துவிட்ட செமி ஆட்டோமேடிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) துப்பாக்கி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைத் தேடிப் போகிறவர் தோட்டாவிலிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது. அங்கேயே சோவியத்தின் எஸ்.கே.எஸ் அடிபட்டுப் போகிறது. அதன் 7.62×39 தோட்டாவின் ஆற்றல் சுமார் 2,000 ஜூல், அமெரிக்காவின் எம்1 கேரண்டு சுடும் .30-06 தோட்டாவுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு. சிறிய மானுக்கு, 100 மீட்டருக்குள், சரி.

எஸ்.கே.எஸ்ஸில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெரும்பாலானவற்றில் ஃபயரிங் பின்னுக்கு (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்பிரிங் கிடையாது. கிடங்கில் பூசிய கிரீஸ் போல்ட்டுக்குள் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) மிச்சமிருந்தால், குளிரில் இறுகிப் பின்னை முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். விசையைத் தொடாமலே வெடிக்கும். போல்ட்டைக் கழற்றிக் கழுவி, காதருகே ஆட்டிப் பாருங்கள். பின் கடகடவென்று ஓட வேண்டும்.

சோவியத்தின் எஸ்.வி.டி-40 வலுவில் கேரண்டுக்குச் சளைத்ததல்ல, எடையும் அரை கிலோ போலக் குறைவு. குளிரில் இயக்கம் மந்தமானால் அதைத் தள்ளும் கேஸைக் (வெடிவாயுவை) கூட்டிக்கொள்ள ரெகுலேட்டர் இருக்கிறது. ஆனால் பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர் (முதலில் தீப்பற்றும் மருந்து) துருவை இழுத்துவரும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். மைனஸ் 30 டிகிரியில் யார் செய்வார்கள்?

என் ஓட்டு எம்1 கேரண்டுக்கு. 1950-இல் கொரியப் போரில், சோசின் ஏரிப் பக்கம், எம்1 கார்பைன் என்ற சிறிய துப்பாக்கி உறைபனியில் திணறியபோது பெரும்பாலும் கைகொடுத்தது இதுதான். தடித்த கையுறையோடு சுட ‘வின்டர் டிரிகர்’ என்ற இணைப்பே இருந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. 8 தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் கிளிப்பை மேலிருந்து அழுத்தும்போது போல்ட் பாய்ந்து கட்டைவிரலை நசுக்கும். கையுறையோடு இன்னும் கவனம் வேண்டும். கிளிப் மேலே போய் வருவதால் ஸ்கோப்பை நேர்மேலே மாட்ட வழியில்லை. இன்றைய கடைகளில் விற்கும் கனமான .30-06 லோடுகள் (தோட்டா வகைகள்) சில, போல்ட்டை இயக்கும் கம்பியான ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடும். கேரண்டுக்கென்று தயாரித்த லோடு, இல்லையென்றால் வெடிவாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும்படி கேஸ் பிளக்கை (வாயுக் குழாயின் மூடியை) மாற்றுவது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

எதை எடுத்தாலும் சாஃப்ட் பாயின்ட் (உள்ளே போனதும் விரியும் மென்முனை) தோட்டாதான். ராணுவத்தின் முழு உறைத் தோட்டா விரியாமல் துளைத்துப் போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடும். துப்பாக்கியின் பழைய எண்ணெயைத் துடைத்து, உலர வைத்தே கொண்டு போங்கள். அப்புறம், இரவில் தோட்டாக்களை இறக்கிவிட்டு, துப்பாக்கியைக் குளிரிலேயே பத்திரமாகக் கட்டி வையுங்கள். சூடான கூடாரத்துக்குள் கொண்டு வந்தால் இரும்பு வேர்க்கும். காலையில் வெளியே எடுத்ததும் அந்த ஈரமே உறைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.