ஒவ்வொரு தடவையும் 'யெஸ்' கேட்கும் பெட்டி: எந்த வழியில் நிறுத்துவது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஏனுங்க, பில் போடற சாப்ட்வேரத் தொறந்தாலே ஸ்கிரீன் மங்கி ஒரு பெட்டி வருதுங்க. அது வராம பண்ணி உடுங்க." பல வருஷமாக ஓடும் புரோகிராம்தான். ஆனால் 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இந்த யூ.ஏ.சி. எச்சரிக்கையில் (ஒரு புரோகிராம் அட்மின் அதிகாரம், அதாவது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் கேட்டால், 'அனுமதிக்கலாமா?' என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி இது), 'இதை மட்டும் இனிமேல் கேட்காதே' என்று டிக் போட இடமே வைக்கவில்லை. அதனால்தான் ஆளுக்கொரு சுற்றுவழி.

முதல் வழி, யூ.ஏ.சி. எந்த அளவுக்குக் கேட்க வேண்டும் என்று அமைக்கும் ஸ்லைடரை அடிவரை கீழே இறக்கிவிடுவது. அரை நிமிட வேலை, அதனாலேயே நிறைய இடங்களில் அப்படித்தான் கிடக்கிறது. அட்மின் கணக்கில் இதைச் செய்தால் பில் புரோகிராம் மட்டுமல்ல, 'பையர் ஆர்டர் ஷீட்' என்ற பெயரில் மெயிலில் வந்த எதுவானாலும் கேட்காமலே முழு அதிகாரம் வாங்கிக்கொள்ளும். மெயில் இணைப்பைத் திறப்பதே வேலையாக இருக்கும் ஏற்றுமதி ஆபீஸில் இதைச் செய்யவே கூடாது.

இரண்டாவது, டாஸ்க் ஷெட்யூலர்: நாம் சொல்லிவைத்த வேலையை (டாஸ்க்) ஓட்டித் தரும் விண்டோஸ் கருவி. அட்மின் கணக்கில் ஒரு டாஸ்க் உருவாக்கி, 'உச்ச அதிகாரத்தோடு ஓட்டு' என்பதை டிக் செய்து, அந்த டாஸ்க்கை இயக்கும் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் வைக்க வேண்டும். அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் பெட்டி வராது, மற்றதற்கெல்லாம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கரண்டில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற டிக் முன்கூட்டியே விழுந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது ஷார்ட்கட்டை எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்றும் ஒன்று உண்டு. அப்புறம், எந்த வழியில் அட்மினாக ஓட்டினாலும் வரும் தொல்லைகள்: சர்வரில் உள்ள ஃபோல்டரை இசட் டிரைவாக மேப் செய்திருந்தால் (சொந்த டிரைவ் மாதிரி இணைத்திருந்தால்) அந்த டிரைவ் புரோகிராமுக்குத் தெரியாது, சர்வர் பெயரோடு முழுப் பாதை கொடுக்க வேண்டும். எம்பிராய்டரி டிசைன் ஃபைலை ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட்டாலும் ஏற்காது.

மூன்றாவது வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்: அந்தப் புரோகிராமுக்கு அட்மின் அதிகாரம் உண்மையிலேயே வேண்டுமா? பழைய பில்லிங், ஸ்டாக் புரோகிராம்கள் பலவும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் (புரோகிராம்களை நிறுவும் ஃபோல்டர்; சாதாரண அதிகாரத்தில் அதில் எழுத முடியாது) தன் சொந்த ஃபோல்டரிலேயே டேட்டாவை எழுதுபவை. அங்கே எழுத முடியாததால் யாரோ ஒருவர் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் சாதாரண யூசருக்கு 'மாடிஃபை' (மாற்றி எழுதும்) அனுமதி கொடுத்துவிட்டு டிக்கை எடுத்தால் பெட்டியும் போகும், அதிகாரமும் குறையும்.

இந்த வரிசை முக்கியம். அனுமதி கொடுக்காமல் டிக்கை மட்டும் எடுத்தால், பழைய 32-பிட் புரோகிராம் எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தந்த லாகினின் 'வர்ச்சுவல் ஸ்டோர்' ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அக்கவுண்டன்ட் லாகினில் போட்ட பில் முதலாளி லாகினில் இருக்காது. மாதக் கடைசியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

டிக் இல்லாமலே அட்மின் கேட்கும்படி எழுதப்பட்ட புரோகிராம் என்றால், 'ரன் ஆஸ் இன்வோக்கர்' (திறப்பவரின் அதிகாரத்திலேயே ஓட்டு) என்ற அமைப்பை ஒரு பேட்ச் ஃபைலில், அதாவது கட்டளைகளை எழுதிவைக்கும் சின்ன ஃபைலில், வைத்துத் திறக்கலாம். சாதாரண அதிகாரத்திலேயே திறக்கும். நிஜமாகவே அதிகாரம் தேவைப்பட்டால் பாதியில் பிழை காட்டும். மெஷினை இயக்கும் டிரைவர் சாப்ட்வேரைத் தொடும் புரோகிராம்கள் அப்படித்தான். அவற்றுக்கு மட்டும் டாஸ்க் ஷெட்யூலரை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஃபோல்டர் அனுமதியையும் டாஸ்க்கையும் ஒரே புரோகிராமுக்குச் சேர்த்துப் போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய எக்ஸ்இ ஃபைல் (புரோகிராமை ஓட்டும் ஃபைல்), கேட்காமலே அட்மினாக ஓடும் என்றால், ஸ்லைடரை இறக்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டி டிரைவில் வெறும் ஃபோல்டராகக் காப்பி செய்து ஓட்டும் புரோகிராம்களுக்கு டாஸ்க் போடும்போதும் இதே ஆபத்துதான்; அங்கே சாதாரண யூசரும் மாற்றி எழுத முடியும். முதலில் அதைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நகர்த்திவிடுங்கள்.