பூட்டு அப்படியே இருந்தது, லென்ஸைக் காணோம்

கேமராவோடு பெரிய நகரத்துக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

பயணத்தின் கடைசி நாள். விடுதி அறையைப் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும், ரயிலோ இரவு 10 மணிக்கு. அவ்வளவு நேரமும் எல்லா லென்ஸையும் சுமந்துகொண்டு நெரிசலில் திரிவதைவிட, விடுதியிலேயே பைகள் வைக்கும் அறையில் விட்டுப் போவது பாதுகாப்பு என்று நினைத்தேன். பையின் இரண்டு ஜிப்பையும் சேர்த்து நம்பர் பூட்டுப் போட்டேன். வரவேற்பில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அதில் எழுதியிருந்தது 'பை 1', அவ்வளவுதான்.

இரவு பையை வாங்கும்போது பூட்டு போட்டபடியே இருந்தது. கனமும் சரியாகத்தான் இருந்தது. ரயில் கிளம்பிய பிறகு மெமரி கார்டை எடுக்கத் திறந்தால், தூரத்தில் இருப்பதை நெருக்கமாக எடுக்கும் என் 70-200 ஜூம் லென்ஸ் இருந்த இடத்தில் துண்டில் சுற்றிய இரண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள்! அந்த லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. வெறுமையாக விட்டால் தூக்கும்போதே தெரிந்துவிடும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். நெஞ்சு அடைத்துப்போனது.

பூட்டைத் தொடாமல் எப்படி எடுத்தார்கள்? ஊருக்கு வந்ததும் பை தைப்பவர் ஒருவர் என் கண்முன்னே செய்து காட்டினார். நைலான் ஜிப்பின் பற்களுக்கு நடுவே ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை வைத்து அழுத்தினார். ஜிப் பிளந்துகொண்டது. கையை விட்டு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்புறம் பூட்டோடு சேர்ந்திருக்கும் இரண்டு ஜிப் தலைகளையும் ஒன்றாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஒருமுறை இழுத்தார். பிளந்த இடம் மூடிக்கொண்டது, ஒரு அடையாளமும் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் அந்தப் பூட்டை நம்பியிருந்தேன்.

விடுதிக்குப் போன் செய்தால், "ஒரு பை கொடுத்தீங்க, ஒரு பை திருப்பிக் கொடுத்துட்டோம். உள்ள என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். கண்காணிப்புக் கேமரா வரவேற்பு மேசையைத்தான் பார்க்கிறதாம், அந்த அறையை இல்லை. பொருளைத் தொலைத்தவனிடம் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லக்கூட அவர்களுக்கு மனமில்லை. காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிட்டது. பை என் பார்வையில் இல்லாதபோது போன பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்று நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது. நீங்கள் காப்பீடு எடுத்திருந்தால் அந்த வரியை இன்றே தேடிப் பாருங்கள்.

போலீஸ் புகாரில் முதலில் கேட்டது லென்ஸின் சீரியல் நம்பர். நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. கடைசியில் பழைய படங்களின் மூலக் கோப்புகள்தான் உதவின. பல கேமராக்கள் ஒவ்வொரு படத்தோடும் பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) நம்பரையும், சில சமயம் லென்ஸின் நம்பரையும் சேர்த்தே பதிந்து வைக்கின்றன. என்னுடையதில் இரண்டும் இருந்தன. ஆனால் சமூக ஊடகங்களில் ஏற்றிய படத்தில் இந்த விவரம் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும், அதனால் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். கிளம்பும் முன் பாடியின் அடியிலும் லென்ஸிலும் இருக்கும் நம்பர்களைப் போனில் படமெடுத்து, போனைத் தவிர இன்னோர் இடத்திலும் வையுங்கள்.

பையை ஒப்படைத்தே ஆக வேண்டுமென்றால் அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டி, உள்ளே இருப்பதை டோக்கனில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எழுத மாட்டோம் என்றால் அங்கே விடாதீர்கள். தோள் வலித்தாலும் பரவாயில்லை. திரும்ப வாங்கும்போதும் அந்த மேசையிலேயே பைக்குள் ஒவ்வொரு தடுப்பாகத் திறந்து பாருங்கள். நான் அங்கேயே பார்த்திருந்தால் அவர்களால் அப்படிப் பேசியிருக்க முடியாது. படமெடுத்த கார்டுகளை மட்டும் எந்த நிலையிலும் பையோடு விடாதீர்கள், சட்டைப்பையில் இருக்கட்டும்.

லென்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. பழைய 70-200 விற்பனைக்கு வந்தால், சீரியல் நம்பரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேட்கிறேன். இதுவரை மூன்று பேர் அனுப்பினார்கள். நான்காவது ஆள், நம்பர் எதற்கு என்று கேட்டுவிட்டு விளம்பரத்தையே எடுத்துவிட்டார்.