பழைய கீசர்: நாமே கழற்றுவதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா?

மார்கழி வந்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் பழைய கீசர் மக்கர் பண்ணும். தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறதென்றால் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட் மேல் கெட்டியாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும்.

இதை நாமே சரிசெய்யலாம், செலவும் குறைவு. எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி, தண்ணீர் ஆறிய பிறகு தொட்டியைக் காலி செய்து, எலிமென்ட்டைக் கழற்றி அதன் சூடாகும் பகுதியை மட்டும் எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். அப்படியே மக்னீசியம் ஆனோடு கம்பியையும் பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தான் அரிபடும் கம்பி அது, உப்புத் தண்ணீரில் சீக்கிரமே மெலிந்துவிடும். தொட்டி நிரம்பாமல் சுவிட்ச் போடவே கூடாது.

மெக்கானிக் வந்தால் காசு கூடத்தான். ஆனால் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, எம்சிபி விழுகிறது, வயர் கருகியிருக்கிறது என்றால் அவர்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் 2000 வாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், பழைய வீடுகளில் எர்த்தும் பல சமயம் சரியாக இருக்காது. அப்படியே மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். தொட்டியில் அழுத்தம் கூடினால் வெளியே விடும் பிரஷர் வால்வு சொட்டினால் அதை அடைக்கவே அடைக்காதீர்கள்.

தொட்டியே ஓட்டையா? யாரையும் கூப்பிட வேண்டாம், புதுசு வாங்கிவிடுங்கள்.