புடோங் கால்பந்து மைதானம், ஷாங்காய்: கோல்கீப்பரைப் பார்க்க எங்கே உட்காரலாம்?

புடோங் மைதானத்தின் கட்டட அழகைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணம் என்ற செல்லப்பெயரும் வந்துவிட்டது. ஒரு கோல்கீப்பரின் வேலையைத் தொண்ணூறு நிமிடமும் கவனிக்க வருகிறவருக்கு இந்த இடம் டிக்கெட் காசுக்குத் தகுமா என்பதுதான் இங்கே கேள்வி. தகும். ஆனால் இருக்கையைப் பார்த்து எடுக்க வேண்டும்.

சீன லீகில் போய் எதற்குக் கோல்கீப்பரைப் பார்ப்பது? காரணம் இருக்கிறது. சீனக் கால்பந்துச் சங்கம் 2001-இல் வெளிநாட்டுக் கோல்கீப்பர்களுக்குத் தடை போட்டது. ஹல்க், ஆஸ்கார் போன்ற பிரேசில்காரர்களைக் கோடிகள் கொட்டி வாங்கிய காலத்திலும் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் சீனராகவே இருந்தார். மற்ற இடங்களில் வெளிநாட்டார் எவ்வளவு, உள்நாட்டார் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். இந்த ஒரு இடத்தில் பார்ப்பதெல்லாம் சீனப் பயிற்சியின் விளைச்சல்.

புடோங்கைச் சொந்த மைதானமாகக் கொண்ட ஷாங்காய் போர்ட் அணியின் கோல்கீப்பர் யான் ஜுன்லிங் அதற்கு நல்ல சான்று. 1991-இல் ஷாங்காயில் பிறந்தவர். சோங்மிங் தீவில் பயிற்சியாளர் சூ கென்பாவ் நடத்திய அகாடமியில் வளர்ந்து, அதே கிளப்பின் முதல் அணிக்கு வந்து, அங்கேயே நிலைத்தவர். 2018, 2023, 2024 லீக் கோப்பைகள் அவர் கணக்கில் உண்டு. 2018 கோப்பை தனி மதிப்புள்ளது: குவாங்சோ எவர்கிராண்டே தொடர்ந்து ஏழு ஆண்டு வென்றுவந்த வரிசை அதில்தான் அறுந்தது. கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனா மூன்று ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காமல் வெளியேறியது. ஆனால் கோலில் இவர் நிற்க, வாங்கியதும் ஒன்றே ஒன்றுதான். பாய்ந்து பறந்து கைதட்டல் வாங்குகிற ஆள் இல்லை இவர். பந்து வருவதற்கு முன்பே நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார். தொலைக்காட்சியில் தெரியாதது இதுதான், ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது.

புடோங்குக்கு வருமுன் இந்தக் கிளப் விளையாடிய ஷாங்காய் ஸ்டேடியத்தில், 'எண்பதாயிரம் பேர் மைதானம்' என்று ஊரார் சொல்வதில், அப்போது ஓடுபாதை இருந்தது. அதன் பாதிப்பு கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் புரியும். 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். நடுவே 105 மீட்டர் நீள ஆடுகளத்தைப் போட்டால், கோல்கோட்டின் நடுவிலிருந்து பாதையின் உள்விளிம்புக்கே சுமார் 26 மீட்டர். எட்டுத் தடங்களைச் சேர்த்தால் 36. கேலரி அதற்கும் அப்பால்தான் தொடங்கியது. பெனால்டிப் புள்ளி வெறும் 11 மீட்டரில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். புடோங்கில் பாதையே கிடையாது. முதல் வரிசைக்கும் களத்துக்கும் பத்து மீட்டருக்கும் குறைவு. கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைக் கூப்பிடும் குரலே காதில் விழும், கூட்டம் சத்தத்தைக் குறைத்தால். (இத்தனைக்கும், 2020-இல் திறந்தபோது இங்கே முதலில் நடந்தது கால்பந்தே இல்லை, 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கணினி விளையாட்டின் உலக இறுதிப்போட்டி.)

கிட்டத்தில் இருக்கிறதே என்று கோலுக்கு நேர் பின்னால் முதல் வரிசைகளை எடுப்பது பலரும் செய்யும் தவறு. வலை குறுக்கே நிற்கும், விளம்பரப் பலகை கால்களை மறைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆழம் தெரியாது. கோல்கீப்பர் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் நிற்கிறாரா மூன்று மீட்டரா என்பதை அங்கிருந்து சொல்லவே முடியாது. போதாததற்கு, கோலுக்குப் பின்னால் ஆதரவாளர் குழு இருக்கும் பகுதியில் ஆட்டம் முழுக்க எழுந்து நின்றே பார்ப்பார்கள், கொடியும் ஆடும். எடுக்க வேண்டியது மூலைப் பகுதி: நீளப் பக்கமும் கோல் பக்கமும் சேரும் வளைவில், கீழடுக்கின் பாதி உயரத்துக்கு மேல். கோணத்தைக் குறுக்க அவர் முன்னேறும் தூரம், அருகிலுள்ள கம்பத்தோடு வைக்கும் இடைவெளி, எதிராளி உதைக்கும் நொடியில் இரண்டு காலும் தரையில் பதிகின்றனவா என்பது, மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். அந்தக் கடைசி விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். காலை எடுத்துவைக்கும்போதே ஷாட் வந்துவிட்டால் பாய்வதற்கு ஊன்ற இடம் இருக்காது. 'எட்டியிருக்கலாமே' என்று தோன்றும் கோல்களில் பல அங்கேதான் கோட்டைவிடப்படுகின்றன.

பாதி நேரத்தில் பக்கம் மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். யான் ஜுன்லிங்கை ஒரு பாதிதான் அருகில் பார்க்க முடியும், மறுபாதி எதிரணிக் கீப்பர். அதனால் யார் விருந்தாளி என்று பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஷாண்டோங் தைஷான் அணி வரும் நாள் முதல் தேர்வு. 2014-இல் அங்கே சேர்ந்த கோல்கீப்பர் வாங் தாலேய் யான் ஜுன்லிங்குக்கு நேர் எதிர்க் குணம்: துணிந்து முன்னே வருவார், சத்தம் போடுவார், நாடகமும் உண்டு. 2015 ஜனவரி 10-ஆம் தேதி, தன் 26-ஆவது பிறந்தநாளில், பிரிஸ்பேனில் சவூதி அரேபியாவின் பெனால்டியைப் பிடித்தவர். எந்தப் பக்கம் பாய்வது என்று கோலுக்குப் பின்னால் நின்ற பந்து பொறுக்கும் பையனிடம் கேட்டாராம். அவன் இடப்பக்கம் என்றான், பாய்ந்தார், நிறுத்தினார். சீனா 1-0 என வென்றது. அதே வாங்தான் 2024 செப்டம்பரில் சைதாமாவில் ஜப்பானிடம் ஏழு கோல் வாங்கியபோதும் நின்றார்.

ஆட்டம் தொடங்கியபின் உள்ளே நுழைவது பாதிப் பணத்தை வீணாக்குவது. கோல்கீப்பர்கள் மற்றவர்களுக்கு முன்பே, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாகப் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். கால்வேகம், கைப்பிடி, குறுக்குப் பந்து, கடைசியில் ஷாட் என்று போகும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பார்ப்பதற்கு இன்னும் விஷயம் உண்டு. கையுறையின் உள்ளங்கைப் பக்க ரப்பர் (லேடெக்ஸ்) லேசாக ஈரமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும், தொப்பலாக நனைந்தால் வழுக்கும். அன்று மார்போடு அணைக்கிறாரா, பக்கவாட்டில் தட்டிவிடுகிறாரா என்று பயிற்சியிலேயே தெரிந்துவிடும். கூரை இருக்கைகளுக்குத்தான், களம் நனையும்.

டிக்கெட் பெயர் பதிந்துதான் கிடைக்கும். கடவுச்சீட்டு எண்ணை ஓர் எழுத்தும் பிசகாமல் கொடுங்கள், அசலையும் கையில் வைத்திருங்கள். உள்ளூர் அடையாள அட்டைக்கான தானியங்கி வாயில் அதைப் படிக்காவிட்டால் ஊழியர் நிற்கும் வழிக்குப் போக வேண்டியிருக்கும், அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அலிபே அல்லது வீசாட் என்ற கைபேசிப் பணச் செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், லைட்டர், நீளக் குடை சோதனையில் தங்கிவிடும்.

மெட்ரோ 14-ஆம் தடத்தில் மைதானத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. நகரின் நிதி மையமான லுஜியாசுயிலிருந்து வண்டி மாறாமல் வரலாம். கட்டணம் 6 கி.மீ. வரை 3 யுவான், அதற்குமேல் ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் 1 யுவான். ஆட்டம் முடிந்ததும் நிலைய வாசலில் வரிசை கட்டி விடுவார்கள். இரவு ஆட்டமென்றால் கடைசி வண்டியின் நேரத்தை வரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.